டயரை வீட்டிலேயே மாற்றி பேலன்ஸ் செய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: காருக்கு நான்கு புது டயர் வாங்கியாயிற்று. இரண்டு லிவர் (டயரை நெம்பும் இரும்புக் கம்பி), கொஞ்சம் சோப்புத் தண்ணீர், ஒரு கம்ப்ரசர் இருந்தால் வீட்டிலேயே பழையதைக் கழற்றிப் புதியதை ஏற்றிவிடலாம் என்கிறார்கள். பேலன்ஸையும் நாமே பார்த்துக்கொள்ளலாமா, இல்லை கடைக்குத்தான் போக வேண்டுமா?

இந்த வேலையை நான் வீட்டில் கையால் செய்திருக்கிறேன். கடையில் பக்கத்தில் நின்று பார்த்தும் இருக்கிறேன். இதை ஒரே வேலையாக நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. உள்ளே மூன்று வேலை இருக்கிறது. காரிலிருந்து வீலைக் கழற்றித் திரும்ப மாட்டுவது முதலாவது. ரிம்மிலிருந்து பழைய டயரைப் பிரித்துப் புதியதை ஏற்றுவது இரண்டாவது. பேலன்ஸ், அதாவது வீலின் எடை எல்லாப் பக்கமும் சமமாகும்படி சின்னச் சின்ன வெயிட் வைப்பது, மூன்றாவது. முதல் வேலையை அவசரத்தில் இருக்கும் கடையைவிட நீங்கள் வீட்டில் நன்றாகவே செய்யலாம். இரண்டாவதைச் செய்யலாமா என்பது உங்கள் டயரையும் ரிம்மையும் பொறுத்தது. மூன்றாவதை நெடுஞ்சாலை வேகத்துக்குத் தாங்கும்படி வீட்டில் செய்ய வழியில்லை. ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் கடையில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

முதலில் வீலைக் கழற்றுவது. தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். மண் தரையில் ஜாக்கி மெல்லப் புதையும். அது வீலைக் கழற்றிய பிறகுதான் கண்ணில் படும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, தூக்கப்போகும் வீலுக்குக் குறுக்கு மூலையில் உள்ள வீலின் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். நட்டுகளை வீல் தரையில் ஊன்றியிருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி மிதித்தால் கார் ஜாக்கியிலிருந்து நழுவும். ஜாக்கி வைக்க வேண்டிய இடம் காரின் கையேட்டில் படத்தோடு இருக்கும். காருடன் வரும் ஜாக்கி வழியில் ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். வீலை ரொம்ப நேரம் கழற்றி வைப்பதென்றால் ஜாக்கி ஸ்டாண்டு கட்டாயம். ஸ்டாண்டு இல்லாமல் காருக்கு அடியில் கையைக்கூட விடக் கூடாது.

வீட்டில் கழற்றுவதால் கிடைக்கும் பெரிய லாபம், ஹப்பை, அதாவது காரில் வீல் மாட்டப்படும் சுழலும் பகுதியை, சுத்தம் செய்ய நேரம் கிடைப்பது. வீல் வந்து உட்காரும் அந்த வட்ட முகத்திலும், நடு ஓட்டையின் விளிம்பிலும் துரு தட்டுத் தட்டாகப் பிடித்திருக்கும். கடையில் இதைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஹப்பின் முகம் சுமார் 14 செ.மீ. அகலம், டயரின் விட்டம் சுமார் 60 செ.மீ. ஹப்பின் ஒரு ஓரத்தில் அரை மி.மீ. துரு சிக்கினால், டயரின் ஓரம் 2 மி.மீ.க்கு மேல் கோணலாக ஓடும். எவ்வளவு நல்ல மிஷினில் பேலன்ஸ் செய்தாலும் இந்த ஆட்டம் போகாது, ஏனென்றால் மிஷினில் வீல் நேராக உட்கார்ந்திருந்தது, காரில்தான் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு கம்பி பிரஷ்ஷும் பத்து நிமிடமும் போதும்.

மாட்டும்போது நட்டுகளை முதலில் கையால் சுற்றுங்கள். இரண்டு மூன்று சுற்று விரலாலேயே போக வேண்டும். போகவில்லை என்றால் மரை குறுக்கே ஏறுகிறது என்று அர்த்தம். அப்புறம் நட்சத்திர வரிசையில், அதாவது ஒன்றை முடுக்கியதும் எதிர்ப்பக்கம் போய், படிப்படியாக இறுக்க வேண்டும். கடைசி முடுக்கு டார்க் ரெஞ்சால், அதாவது வைத்த அளவுக்கு இறுகியதும் "கிளிக்" என்னும் ஸ்பேனரால். பெரும்பாலான கார்களுக்கு இந்த அளவு 80 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் காருக்கான எண் கையேட்டில் இருக்கும். 100 நியூட்டன் மீட்டர் என்றால், அரை மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் சுமார் 20 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். அவ்வளவுதான் தேவை. காற்றுத் துப்பாக்கியால் "டர்ர்ர்" என்று மனம்போனபடி முடுக்கினால் போல்ட் நீண்டுவிடலாம், மரை போகலாம், பிரேக் டிஸ்க் ஒரு பக்கமாக இழுபட்டுக் கோணலாகலாம். வழியில் பஞ்சரானால் காரோடு வந்த ஸ்பேனரால் அந்த நட்டைத் திறக்கவும் முடியாது. மரையில் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். எண்ணெய் இருந்தால் அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும்.

இரண்டாவது வேலைக்கு வருவோம். டயரின் உள்விளிம்பை பீடு என்பார்கள். ரப்பருக்குள்ளே இரும்புக் கம்பிச் சுருள் வளையமாக ஓடுகிறது. அந்த வளையம் நீளாது. ரிம்மின் விளிம்போ அந்த வளையத்தைவிடப் பெரியது. அப்படியானால் டயர் எப்படி ரிம்முக்குள் போகிறது, எப்படி வெளியே வருகிறது? ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. பீடின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்தில் இறக்கினால், எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்கு இடம் கிடைக்கும். அங்கேதான் பீடு விளிம்பைத் தாண்டி வரும். டயர் மாற்றும் எல்லா மிஷினும் எல்லா லிவரும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கின்றன.

இது தெரியாமல் நான் முதன்முதலில் 13 அங்குல இரும்பு ரிம்மில் இரண்டு லிவரை மாட்டி அரை மணி நேரம் இழுத்துக்கொண்டிருந்தேன். லிவர் வளைந்ததே தவிர டயர் அசையவில்லை. பழைய லாரி டயர்களோடு வாழ்ந்த ஒரு பெரியவர் வந்து பார்த்தார். "தம்பி, இழுக்கிற பக்கம் பலம் வேண்டாம், எதிர்ப்பக்கம் பார்" என்று சொல்லிவிட்டு, நான் லிவர் போட்ட இடத்துக்கு நேர் எதிரே டயரின் மேல் முழங்காலை ஊன்றி அழுத்தினார். பீடு "சொளக்" என்று பள்ளத்தில் இறங்கியது. என் கையிலிருந்த லிவர் சட்டென்று இலகுவானது. மீதி டயர் விரலுக்குக் கட்டுப்பட்ட மாதிரி வெளியே வந்தது. அன்றிலிருந்து, லிவருக்கு அதிக பலம் தேவைப்படுகிறது என்றாலே எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இல்லை என்று நிறுத்திவிடுவேன். அப்படி நிறுத்தாமல் இழுத்தால் பீடுக் கம்பி மடங்கும் அல்லது அதன் மேல் ரப்பர் கிழியும். பீடு கெட்ட டயரை ஒட்டவோ தைக்கவோ முடியாது. புது டயராக இருந்தாலும் தூக்கித்தான் போட வேண்டும்.

இன்னொரு நுணுக்கம்: அந்தப் பள்ளம் பொதுவாக ரிம்மின் சரிநடுவில் இருக்காது, ஒரு விளிம்புக்கு நெருங்கி இருக்கும். எந்த விளிம்புக்கு நெருக்கமோ அந்தப் பக்கத்தை மேலே வைத்துத்தான் டயரைக் கழற்றவும் ஏற்றவும் வேண்டும். தலைகீழாக வைத்தால் நாள் முழுக்கப் போராடலாம்.

கழற்றும் முன் பீடை அது உட்கார்ந்திருக்கும் ரிம்மின் மேடையிலிருந்து பெயர்த்து இறக்க வேண்டும். வருடக்கணக்கில் ஒட்டிப்போயிருக்கும். வால்வின் உள்ஊசியைக் கழற்றி, காற்று முழுக்கப் போன பிறகுதான் இதைத் தொட வேண்டும். இதற்கென்று நீளக் கைப்பிடி வைத்த கருவி இருக்கிறது. டயர் பிரஷர் சென்சார் உள்ள கார் என்றால் வால்வுக்குப் பக்கத்தில் அழுத்தவே கூடாது, சென்சார் உடைந்துவிடும்.

உயவுக்கு சோப்புத் தண்ணீர் அல்லது இதற்கென்று விற்கும் பேஸ்ட். கிரீஸ், இன்ஜின் ஆயில் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். அது மட்டுமில்லை, சோப்புத் தண்ணீர் காய்ந்துவிடும், எண்ணெய் காயாது. பலமாக பிரேக் போடும்போது டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகர்ந்துவிடும், செய்து வைத்த பேலன்ஸும் அதோடு போய்விடும்.

ஏற்றும் முன் சில விஷயங்களைப் பாருங்கள். ரிம்மில் பீடு உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். ரப்பர் வால்வைப் புதிதாகப் போடுங்கள். டயர் மாறும்போது வால்வும் மாறுவதுதான் முறை. டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசை. வெளிப்புறம் என்று பொருள்படும் சொல் அச்சிட்டிருந்தால் அந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும். தயாரிப்புத் தேதி நான்கு இலக்கமாக இருக்கும்: 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். 205/55 ஆர்16 91வி என்ற எழுத்தில் 91 என்பது அந்த டயர் 615 கிலோ தாங்கும் என்பதையும், வி என்பது மணிக்கு 240 கி.மீ. வரை தாங்கும் என்பதையும் குறிக்கும். புது டயர் இந்த இரண்டிலும் காருக்குச் சொன்னதைவிடக் குறையக் கூடாது. மஞ்சள் புள்ளி இருந்தால் அதுதான் டயரின் எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேரே வைத்தால் ஒட்ட வேண்டிய வெயிட் குறையும். சிவப்புப் புள்ளி வேறு. அது டயரின் உறுதி அதிகமான இடம். ரிம்மில் அதற்கான அடையாளக் குழி இருந்தால் அதற்கு நேரே வைப்பார்கள். இரண்டும் இருந்தால், ரிம்மில் அடையாளமும் இருந்தால், சிவப்புக்குத்தான் முன்னுரிமை.

காற்றடிப்பதுதான் ஆபத்தான இடம். பீடு மேடையில் ஏறும்போது "டப்" என்று இரண்டு முறை சத்தம் வரும், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. அதற்கு முன் அழுத்தம் 40 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. பல டயர்களின் பக்கவாட்டிலேயே இந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கும். 40 வரை போயும் ஏறவில்லை என்றால் காற்றை முழுக்க விட்டு, திரும்ப சோப்பு தடவி, டயரைத் திருப்பி வைத்துப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் காற்று என்று நினைப்பதில்தான் பீடுக் கம்பி அறுந்து டயர் வெடிக்கிறது. 16 அங்குல டயரை 16.5 அங்குல ரிம்மில் ஏற்றப் பார்த்து அமெரிக்காவில் உயிர்களே போயிருக்கின்றன. எனவே வால்வில் தானாகக் கவ்விக்கொள்ளும் முனையும் நீளமான குழாயும் வைத்துக்கொண்டு, டயருக்கு மேலே குனியாமல் தள்ளி நின்று காற்றடியுங்கள். காருக்குள் செருகும் சின்னப் பம்ப் இதற்கு உதவாது. அதில் அழுத்தம் வரும், ஆனால் ஒரே மூச்சில் தேவைப்படும் காற்றின் அளவு வராது. தொட்டி வைத்த கம்ப்ரசர் வேண்டும். எரியும் திரவத்தை ஊற்றிப் பற்றவைத்து பீடை ஏற்றும் வித்தையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த வெடிப்பின் அழுத்தம் எவ்வளவு என்று யார் கையிலும் கட்டுப்பாடு கிடையாது.

சரி, எந்த டயரை வீட்டில் மாற்றலாம்? 13, 14 அங்குல இரும்பு ரிம், பக்கச்சுவர் உயரமான 80, 70 வகை டயர் (டயரின் அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் இத்தனை சதவீதம்) என்றால் பொறுமை உள்ளவர் தாராளமாகச் செய்யலாம். பக்கச்சுவர் குட்டையான 50, 45 வகை, காற்று போனாலும் ஓடும் ரன்ஃபிளாட் வகை ஆகியவற்றை வெறும் லிவரோடு தொட வேண்டாம். அவற்றின் பக்கச்சுவர் முழங்காலுக்கு அடங்காது. கடையில் மிஷினின் துணைக்கை இருந்தே சிரமப்படுவார்கள். அலாய் வீலில் லிவர் ஒரு தடவை சறுக்கினால் மேல்பூச்சு போகும். அந்தக் கீறலில் நீர் இறங்கி அரித்து, ஒன்றிரண்டு வருடத்தில் பீடு ஓரத்தில் காற்றுக் கசிய ஆரம்பிக்கும்.

இப்போது பேலன்ஸ். இதில்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம்.

வீலில் எடை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. டயரின் ஒட்டு, வால்வு, ரிம்மின் வார்ப்பு என்று எங்கோ சில கிராம் கூடும். அந்தச் சில கிராம் என்ன செய்துவிடும்? 15 அங்குல ரிம்மின் விளிம்பில் 20 கிராம் அதிகம் என்று வையுங்கள். 60 செ.மீ. டயர் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 15 முறை சுற்றுகிறது. அப்போது அந்த 20 கிராம் வெளிநோக்கி இழுக்கும் விசை சுமார் 3.3 கிலோ எடைக்குச் சமம். நொடிக்கு 15 முறை, மேலும் கீழும் முன்னும் பின்னுமாக, ஒரு சுத்தியல் ஓயாமல் தட்டுவதைப் போல. விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. அதே வீல் 50 கி.மீ. வேகத்தில் நாலில் ஒரு பங்குதான் இழுக்கும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாத ஆட்டம் நெடுஞ்சாலையில் தெரிவது இதனால்தான். அதிலும் 80லிருந்து 110 வரை மோசமாக இருந்து, அதற்கு மேல் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கும். அந்த இடைவெளியில்தான் சஸ்பென்ஷனின் இயல்பான அதிர்வும் வீலின் தட்டலும் ஒத்துப்போகின்றன.

வீட்டில் செய்யச் சொல்லப்படும் முறைகள் இரண்டு. ஒன்று, வீலைக் கிடையாகப் படுக்க வைத்து நடுவில் நீர்மட்டக் குமிழி பார்ப்பது. இன்னொன்று, வீலைக் காரின் ஹப்பிலேயே மாட்டிக் கையால் சுழற்றிவிட்டு, எந்தப் பக்கம் கீழே வந்து நிற்கிறது என்று பார்ப்பது.

இரண்டாவதை உடனே தள்ளிவிடலாம். விளிம்பில் 20 கிராம் கொடுக்கும் திருகுவிசை 0.04 நியூட்டன் மீட்டர்கூட இல்லை. ஹப் பேரிங்கின் சீல் உரசலே அதைவிடப் பல மடங்கு அதிகம், பிரேக் பேடின் உரசல் வேறு. வீல் எங்கே வேண்டுமானாலும் நிற்கும், நாம் அதற்கு ஒரு காரணம் கற்பித்துக்கொள்வோம்.

குமிழி முறை உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் பாதி வேலை. அது பார்ப்பது நிலைச் சமநிலையை மட்டும்: வீலின் மொத்த எடையின் மையம் அச்சில் இருக்கிறதா என்று. இப்போது ஒரு வீலை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் வெளி விளிம்பில், மேலே, 30 கிராம் அதிகம். உள் விளிம்பில், நேர் எதிரே கீழே, இன்னொரு 30 கிராம் அதிகம். குமிழி என்ன சொல்லும்? நடுவில் அழகாக நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. அதே வீலை 100 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் வெளி விளிம்பை ஒரு திசையில் 5 கிலோ இழுக்கிறது, உள் விளிம்பை எதிர்த்திசையில் 5 கிலோ இழுக்கிறது. அரைச் சுற்றில் திசை மாறுகிறது. வீல் இடமும் வலமுமாகத் தலையாட்டும், ஸ்டியரிங் கையில் உதறும். சுழற்றிப் பார்க்காமல், உள்ளும் வெளியும் இரண்டு தளங்களில் தனித்தனியாக அளக்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மிஷின் செய்வது அதைத்தான். தண்டில் உள்ள சென்சார்கள் இரண்டு தளத்தின் தட்டலையும் தனித்தனியாக உணர்ந்து, உள்ளே இத்தனை கிராம், வெளியே இத்தனை கிராம், இந்த இடத்தில் என்று சொல்கின்றன.

மோட்டார் சைக்கிள் வீலை வீட்டிலேயே பேலன்ஸ் செய்கிறார்களே என்று கேட்கலாம். அது சரிதான். அந்த வீல் ஒடுக்கமானது. இரண்டு விளிம்புக்கும் நடுவே தூரம் குறைவு என்பதால் இந்தத் தலையாட்டல் பெரிதாக வராது, நிலைச் சமநிலையே பெரும்பாலும் போதும். கார் வீலின் அகலம் கூடக் கூட அந்தச் சலுகை போய்விடுகிறது. மெதுவாக இழுத்துச் செல்லும் டிரெய்லருக்குக் குமிழி போதும், தினமும் நெடுஞ்சாலையில் போகும் காருக்குப் போதாது. டயருக்குள் சின்ன மணிகளைக் கொட்டும் முறையும் உண்டு. லாரிக்காரர்கள் சிலர் வைத்துக்கொள்கிறார்கள். கார் டயருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் மிஷின் இருக்கிறது என்பதற்காக வேலை சரியாக நடந்துவிடாது. ஒரு முறை புது டயர் போட்ட மறுநாளே 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. போட்ட கடைக்கே இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் மிஷின் காட்டிய இடத்தில் மேலும் வெயிட் ஒட்டினார்கள், திரையில் பூஜ்யம் வந்தது, ரோட்டில் நடுக்கம் அப்படியே இருந்தது. மூன்றாவதாக வேறொரு கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் எதையும் ஒட்டவில்லை. பூஜ்யம் காட்டிய அதே வீலைத் தண்டில் தளர்த்தி, அரைச் சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுழற்றினார். திரையில் 30 கிராம் வந்தது. வீலைக் கழற்றி நடு ஓட்டையின் உள்விளிம்பை விரலால் தடவிக் காட்டினார்: அழுக்கும் பழைய துருவும் ஒரு பக்கத்தில் படிந்து கெட்டியாகியிருந்தன. வீலை மிஷினின் தண்டில் மையப்படுத்திப் பிடிக்கும் கூம்பு அதன் மேல் உட்கார்ந்ததால் வீல் மையம் விலகி நின்றிருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, ஒட்டியிருந்த எல்லா வெயிட்டையும் பிடுங்கிவிட்டு, முதலிலிருந்து செய்தார். நடுக்கம் போய்விட்டது.

மையம் எவ்வளவு விலகினால் இப்படி ஆகும் என்று அப்புறம் கணக்குப் போட்டேன். டயரோடு 16 கிலோ எடையுள்ள வீல், ஒரு தாளின் தடிமன் அளவு, அதாவது 0.1 மி.மீ. விலகி உட்கார்ந்தாலே மிஷின் 8 கிராம் பொய் சொல்லும். அரைச் சுற்று திருப்பினால் அந்தப் பொய் எதிர்த்திசைக்குப் போவதால் 16 கிராமாக வெளியே தெரியும். இதனால்தான் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு வீலுக்காவது இந்த அரைச் சுற்றுச் சோதனையை மரியாதையாகக் கேட்டுச் செய்யச் சொல்கிறேன். "அண்ணே, ஒரு தடவை திருப்பி மாட்டிப் பார்த்துவிடலாமா?" என்று கேட்டால் நல்ல தொழிலாளி முகம் சுளிக்க மாட்டார். ஐந்து பத்து கிராமுக்குள் மாறினால் பரவாயில்லை. அதற்கு மேல் மாறினால் கூம்போ வீலோ சரியாக உட்காரவில்லை.

கவனிக்க வேறு சிலவும் உண்டு. பழைய வெயிட்டுகளையும் ரிம்மின் உட்பக்கம் காய்ந்த சேற்றையும் முதலில் எடுக்க வேண்டும். சேற்றோடு பேலன்ஸ் செய்தால், அது உதிர்ந்த நாளிலிருந்து ஆட்டம். மிஷினிலிருந்து ரிம் இருக்கும் தூரம், ரிம்மின் அகலம், விட்டம் மூன்றையும் மிஷினுக்குக் கொடுக்க வேண்டும். முந்தைய காரின் அளவிலேயே சுழற்றினால் காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. அலாய் வீலுக்கு ஒட்டும் வெயிட், இரும்பு ரிம்முக்கு அடித்து மாட்டும் வெயிட். எதைப் போடுகிறார்களோ அதற்கான முறையை மிஷினில் மாற்றியிருக்க வேண்டும். ஒட்டும் இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யாமல் ஒட்டினால் முதல் மழையிலேயே விழும். பல மிஷின்கள் சின்ன மிச்சத்தைப் பூஜ்யம் என்றே காட்டும். உண்மை எண்ணைக் காட்ட ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தச் சொல்லலாம். ஒரே விளிம்பில் எதிரெதிர்ப் பக்கங்களில் வெயிட் இருந்தால், ஒன்று மற்றொன்றைத் திருத்த ஒட்டப்பட்டது என்று பொருள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கே 70, 80 கிராம் கேட்டால், டயரை ரிம்மின் மேல் அரைச் சுற்று திருப்பி ஏற்றிப் பார்ப்பது நல்லது. டயரின் கனமான இடமும் ரிம்மின் கனமான இடமும் ஒரே பக்கம் சேர்ந்திருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் போகவில்லை என்றால் பேலன்ஸையே குறை சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்டியரிங் உதறினால் பெரும்பாலும் முன் வீல். இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின் வீல். பிரேக் போடும்போது மட்டும் உதறினால் டிஸ்க்கைப் பாருங்கள். வேகத்தைக் கூட்டும்போது மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்ட் (இன்ஜின் விசையை வீலுக்குக் கொண்டுபோகும் தண்டு) மூட்டு. கார் ஒரு பக்கம் இழுப்பதும், டயரின் பட்டன் (ரோட்டைத் தொடும் மேற்பகுதி) ஒரு ஓரம் மட்டும் தேய்வதும் அலைன்மெண்ட் (வீல்கள் நிற்கும் கோணம்) அல்லது காற்றழுத்தத்தின் வேலை. இதற்கு பேலன்ஸ் செய்து பயனில்லை. டயரின் உறுதியே ஓரிடத்தில் கூடிக் குறைந்திருந்தால் சாதாரண மிஷின் பூஜ்யம் காட்டும், ரோட்டில் ஆடும். உருளையை டயரின் மேல் பாரத்தோடு அழுத்திச் சுழற்றிப் பார்க்கும் மிஷினில்தான் அது பிடிபடும். வெளியில் வாங்கிய அலாய் வீலாக இருந்தால், அதன் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளியை நிரப்பும் வளையம் போட வேண்டியிருக்கும்.

செலவுக் கணக்கையும் கேட்டால், ஒரே கார், சில வருடத்துக்கு ஒரு முறை நான்கு டயர் என்றால் பீடைப் பெயர்க்கும் கருவி, தரையில் பதிக்கும் ஏற்றும் கருவி, தொட்டிக் கம்ப்ரசர் என்று வாங்கிய பணம் திரும்பாது. ஒரு டயரின் பீடைக் கிழித்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போகும். குளிர்நாடுகளில் கோடைக்கு ஒரு டயர், பனிக்கு ஒரு டயர் என்று வருடத்துக்கு இரண்டு முறை மாற்ற வேண்டியவர்களுக்கு, கருவியைவிட இன்னொரு செட் ரிம் வாங்குவதே லாபம். ஒரு தடவை கடையில் ஏற்றி பேலன்ஸ் செய்துவிட்டால், அப்புறம் பருவம் மாறும்போதெல்லாம் வீட்டில் கழற்றி மாட்டும் முதல் வேலை மட்டும்தான். பழைய டயர்களைக் கடையிலேயே விட்டுவிடலாம், மறுசுழற்சிக்குப் போகும். வீட்டில் வைத்து எரிக்க மட்டும் செய்யாதீர்கள், அந்தப் புகை நஞ்சு.

நான் இப்போது செய்வது இப்படி. முந்தைய நாளே ஒவ்வொரு வீலாகக் கழற்றி ஹப்பையும் ரிம்மின் நடு ஓட்டையையும் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டிவிடுகிறேன். மறுநாள் காலையில் கூட்டம் வருவதற்கு முன் கடைக்குப் போய் டயர் மாற்றி பேலன்ஸ் செய்துகொள்கிறேன். நட்டுகளைத் துப்பாக்கியால் லேசாகப் பிடித்துவிட்டு, கடைசி முடுக்கைக் கையால் போடச் சொல்கிறேன், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் வண்டியின் சூடு ஆறிய பிறகு எல்லா நட்டையும் தளர்த்தி, என் டார்க் ரெஞ்சால் நட்சத்திர வரிசையில் திரும்ப முடுக்குகிறேன். 50லிருந்து 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு தடவை ரெஞ்சை வைத்துப் பார்க்கிறேன். ஒரு நட்டாவது "கிளிக்" என்பதற்கு முன் கொஞ்சம் நகர்ந்தால், அடுத்த 100 கி.மீ.க்குப் பிறகு மறுபடியும்.